போர் தண்ணீரில் கழுவிய ஒன்பது ஏணிகள்

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இது எட்டாம் வகுப்புப் பாடம். அதைப் படித்து, அதற்கு மேலும் படித்து, வேதியியலில் முதுகலைப் பட்டமும் வாங்கிய ஒருத்தி, ஒரு சாயங்காலம் மட்டும் அது தெரியாதவளைப் போல எப்படிப் பேசினாள்? மகளே, மூன்று நாளாக இதைத்தான் என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது போல எழுதவும் எனக்கு மனம் வரவில்லை.

நீ கோயம்புத்தூருக்குப் போய் நாற்பது நாள் ஆகிறது. போனில் சாப்பாடு, ஹாஸ்டல் அறை, ஆய்வகத்தில் உனக்குப் போட்டிருக்கிற ஷிஃப்ட் எல்லாம் பேசுகிறோம். ஏணிகளைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயங்கள் போனில் எனக்கு வாயில் வராது, அதனால் எழுதுகிறேன். நம்மைப் போலச் சின்னதாகத் தொழில் வைத்திருக்கிறவர்கள் நாலு பேர் படிக்கும்படி இதை எங்காவது வெளியிடலாம் என்றும் ஓர் எண்ணம் இருக்கிறது. அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் விளக்க வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

மடத்தூர் ரோட்டில் நம் தகரக் கொட்டகையில் நடக்கிற வேலையை ஒரு வரியில் சொன்னால், இரும்புக்கு வினைல் சட்டை போடுவது. கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் சிவப்பாக, மெத்தென்று இருக்குமே, அதுதான். பி.வி.சி. தூளை எண்ணெய் மாதிரியான ஒரு திரவத்தில் கலக்கினால் ஒரு குழம்பு கிடைக்கும். அதற்குப் பிளாஸ்டிசால் என்று பெயர். பன்னிரண்டு வருஷமாக அதில் முக்கி எடுக்கிற செல்வமேரிக்கு அது எப்போதும் 'மாவு'தான். தொட்டியில் சும்மா இருக்கிற வரைக்கும் அது குழம்பு. சூடு பட்டால் தூள் அந்த எண்ணெயைக் குடித்து வீங்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரும்பை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி மாவில் முக்குகிறோம். இரும்பைத் தொடுகிற இடத்தில் மட்டும் மாவு உறைகிறது. இரும்பில் எவ்வளவு சூடு இருக்கிறது, எத்தனை நொடி உள்ளே வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பூச்சின் தடிமன் அமையும். மெதுவாகத் தூக்க வேண்டும், அவசரப்பட்டால் அடியில் சொட்டு தொங்கும். தூக்கியதும் அது வெறும் உறைச்சல்தான், இன்னும் வேகவில்லை. மறுபடி அடுப்புக்குள் போய் வெந்து, மங்கலாக இருந்தது பளபளப்பாகி வரும்போதுதான் அது ரப்பர் மாதிரி இழுவை தாங்கும். வேகாமல் எடுத்தால் பார்க்க அழகாக இருக்கும், நகத்தால் கிள்ளினால் பிய்ந்து வரும். அதிகம் வெந்தால் பழுத்துக் கருகி, மூக்கைப் பிடிக்க வைக்கும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. தெரியாத வேலை இதற்கெல்லாம் முந்தியது. வெல்டிங் பட்டறையிலிருந்து வருகிற இரும்பில் எண்ணெய், துரு, கைரேகை எல்லாம் இருக்கும். சோடாக் கரைசலில் கழுவி, அமிலத்தில் காட்டி, மறுபடி கழுவி, உலர்த்தி, பிரைமர் என்கிற ஒட்டுப்பூச்சு கொடுத்த பிறகுதான் முதல் அடுப்பு. பிளேயருக்குப் பிரைமர் தேவையில்லை, கையுறை மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டாலே போதும். கடலுக்குப் போகிற பொருளுக்கு அது போதாது. பூச்சும் இரும்பும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்க வேண்டும், நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. நம் ஊரில் அந்த 'எதுவும்' என்றால் உப்புதான். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை, அதாவது போர் தண்ணீரை, வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. அதனால் முதல் கழுவல்களெல்லாம் போரில், கடைசிக் கழுவல் மட்டும் லாரியில் வருகிற நல்ல தண்ணீரில். இந்த விதியைப் போட்டதே நான்தான். சுவரில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன்.

திரேஸ்புரத்து மிக்கேல் அண்ணன் ஒன்பது ஏணி கேட்டிருந்தார். சங்கு குளிக்கிறவர்கள் கடலிலிருந்து வள்ளத்துக்கு ஏற, வள்ளத்தின் ஓரத்தில் கொக்கி போட்டு மாட்டுகிற நாலு படி ஏணி. வெறும் இரும்பு துருப்பிடிக்கிறது, வழுக்கவும் செய்கிறது, பூச்சுப் போட்டுத் தாருங்கள் என்றார். சங்குக் குளி தொடங்கும் முன் வேண்டும். அந்த வாரம் தண்ணீர் லாரி இரண்டு நாளாக வரவில்லை. டிரம் காலி. அமிலத்திலிருந்து எடுத்த ஏணிகள் அப்படியே கிடந்தால் அன்றைக்கே துரு ஏறிவிடும். செல்வமேரி வந்து நின்றாள். "மேடம், நல்ல தண்ணி இல்லியே, என்ன செய்ய?" என்றாள். நான் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "போர் தண்ணியிலேயே முடிச்சிருங்க. அடுப்புல காஞ்சிரும்" என்றேன். அவ்வளவுதான். என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய தவறு இரண்டு வாக்கியம்.

மறுநாள் நீ கொட்டகைக்கு வந்தாய். வேலையில் சேர இரண்டு நாள் இருந்தது. ஏணிகள் நீல நிறத்தில் வரிசையாக நின்றன, ஏற்றிப் போகக் குட்டி யானைச் சரக்கு வண்டி வாசலில் நின்றது. அடுத்து நடந்ததை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாய் என்று தெரியாது. என் நினைவில் இருப்பதை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து.

"அம்மா, இதுக்குக் கடைசிக் கழுவல் எந்தத் தண்ணியில?" என்றாய். காலி டிரம்மைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாய்.

"போர் தண்ணி."

"அப்ப உப்பு உள்ளதான இருக்கும்?"

"பிரைமர் கொடுத்திருக்கு. அது பிடிச்சுக்கும்."

"எதைப் பிடிச்சுக்கும்? உப்பையா?"

செல்வமேரி குறுக்கே வந்தாள். "ஏளா, வண்டிக்காரன் நிக்கான். ஏத்தி விட்டுட்டு ஆத்தாளும் மகளும் சண்டை போடுங்க."

"பத்து நாள் பொறுங்கம்மா. துண்டுக் கம்பி ரெண்டு கெடக்கு. ஒண்ண நல்ல தண்ணியில கழுவி, ஒண்ணப் போர் தண்ணியில கழுவிப் பூச்சுப் போட்டு, கடல் தண்ணியில தொங்க விட்டுப் பாப்போம். வித்தியாசம் இல்லைன்னா அப்புறம் அனுப்புங்க" என்றாய் நீ.

"நீ ரத்தம் பரிசோதிக்கப் படிச்சவ. இரும்பை என்கிட்ட விட்டுரு."

"ரத்தத்துலயும் உப்பும் இரும்பும்தாம்மா இருக்கு."

செல்வமேரி சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய், கலக்கத் தேவையில்லாத மாவைக் கலக்க ஆரம்பித்தாள். நான் வண்டிக்காரரிடம் "ஏத்துங்க" என்றேன். நீ ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாய். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாய் என்று நினைத்தேன். நீ கடற்கரைக்குப் போய் ஒரு வாளி கடல் தண்ணீர் எடுத்து வந்தாய். வீட்டுக் குடிதண்ணீரில் ஒரு கம்பியும் போர் தண்ணீரில் ஒரு கம்பியும் கழுவி, பிரைமர் கொடுத்து, செல்வமேரியை வைத்து இரண்டையும் முக்க வைத்து, வேக வைத்து, 'நல்ல', 'போர்' என்று சீட்டு ஒட்டி வாளியில் தொங்க விட்டுவிட்டு மறுநாள் பஸ் ஏறினாய். பஸ் நிலையத்தில் "வாளியப் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னாய். நான் அதைப் பார்க்கவேயில்லை. கை கழுவுகிற தொட்டிக்குக் கீழே அது இருந்தது. ஒரு நாளைக்குப் பத்து தடவை அதைத் தாண்டிப் போயிருப்பேன்.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோது நடந்த ஒன்று ஞாபகம் வருகிறது. உனக்குக் கரும்பலகை தெரியவில்லை. அதை ஒரு வருஷம் நீ யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எழுதியிருக்கிறாய். ஆசிரியை கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணாடிக் கடையில் "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா உங்க முகம் ஒரு மாதிரி ஆகும்" என்றாய். எனக்கு அடித்து வளர்க்கிற பழக்கம் இல்லை, சத்தம் போடுகிற பழக்கமும் இல்லை. அதனால் என்னிடம் யாரும் எதையும் சொல்லலாம் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். என் முகத்தை நான் பார்த்ததில்லையே. உன் அப்பா வருஷத்தில் எட்டு மாதம் கப்பலில் இருப்பவர், அவர்கூட ஒரு தடவை சொன்னார்: "கேப்டன்கிட்ட சொல்லிரலாம், உன்கிட்ட சொல்லத்தான் யோசிக்கணும்." சிரிக்க வேண்டிய வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை சோப்புக் கட்டி கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்தேன், வாளி இருந்தது. இரண்டு கம்பிகளையும் வெளியே எடுத்தேன். 'நல்ல' என்று ஒட்டியது முக்கி எடுத்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. 'போர்' கம்பியில் மேலிருந்து கீழ்வரை வியர்க்குரு மாதிரி பொடிப் பொடியாகக் கொப்புளம். பிளேடால் ஒன்றைக் கீறினேன், பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்தது. வினைலைப் பார்த்தால் தண்ணீர் புகாது என்றுதான் தோன்றும். மிக மெதுவாகக் கொஞ்சம் ஈரம் ஊடுருவத்தான் செய்யும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அதனால் கெடுதல் இல்லை. உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தை இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொள்ளும், பூச்சைத் தூக்கும், அடியில் இரும்பை அரிக்கும். கீறின இடத்தில் பிடித்து இழுத்தேன். வாழைப்பழத் தோல் மாதிரி முழுதும் உரிந்து வந்தது. 'நல்ல' கம்பியில் நகம் உடைந்ததுதான் மிச்சம்.

செல்வமேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"நீ பாத்தியா இதை?"

"பாத்தேன் மேடம். தெனமும் பாப்பேன். பாப்பா பாக்கச் சொல்லிட்டுப் போனா."

"எப்பலேர்ந்து இப்படி?"

"பத்துப் பதினஞ்சு நாளாச்சு."

"ஏன் சொல்லல?"

தலையைச் சொறிந்தாள். "நீங்க குனிஞ்சா தெரியுந்தானேன்னு விட்டுட்டேன். நான் சொல்லி, நீங்க என்ன சொல்லுவியளோன்னு…"

அந்தச் சோப்பு விழாமல் இருந்திருந்தால்? நாலு படி ஏணியில், ஒவ்வொரு படியிலும் பூச்சு இரும்பை விட்டு விலகிச் சட்டைக் கை மாதிரி சுற்ற ஆரம்பிக்கும். கடலுக்கு அடியில் மூச்சைப் பிடித்து, சங்கைப் பையில் போட்டுக்கொண்டு, மேலே வந்து முதல் படியில் காலை வைக்கிற மனிதனுக்கு அந்தப் படி உருளும். கொக்கிக்குள் துரு ஏறினால் அதையும் வெளியிலிருந்து பார்க்க முடியாது, ஏனென்றால் நீல நிறம் அப்படியே பளபளவென்று இருக்கும். ஒன்பது வள்ளத்தில் ஒன்பது ஏணி. ஏறக்குறைய நாற்பது நாளாக.

அன்றே மிக்கேல் அண்ணனுக்குப் போன் செய்தேன். வேம்பாரில் தங்கை மகள் கல்யாண வேலையில் இருந்தார். சங்கு ஆட்களெல்லாம் சொந்தக்காரர்கள், இந்த வாரம் கல்யாணம் முடிகிற வரை ஒருவரும் கடலுக்குப் போகவில்லை, ஏணிகள் அவர் குடோனில் பூட்டிக் கிடக்கின்றன, திங்கட்கிழமை விடியும்போது வள்ளம் இறக்குவார்கள் என்றார். கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன மேடம், ஏணி புதுசா மாத்தித் தாரியளா?" என்று சிரித்தார். "ஒரு தடவ பாக்கணும் அண்ணே. நான் வர்றதுக்கு முந்தி வள்ளத்துல ஏத்த வேண்டாம்" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அந்தச் சமயத்திலும் எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால்.

இன்று ஞாயிறு. செல்வமேரி பூசைக்குப் போயிருக்கிறாள், தெருவே அமைதியாக இருக்கிறது. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். அதில் எனக்கு இருக்கிற ஒரே சங்கடம், நன்றி தோன்றும்போது அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான். கடவுளிடம் சொல்கிறவர்களுக்கு எளிது, கண்ணை மூடினால் போதும். எனக்கு ஆட்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே இதை ஒரு தடவை மட்டும் எழுதுகிறேன், மறுபடி சொல்லச் சொல்லி என்னைச் சீண்டாதே. மகளே, உனக்கு நன்றி. எல்லார் முன்னாலும் கேட்டதற்கு. நான் கேட்காமல் போன பிறகும் சத்தம் போடாமல் வாளி தூக்கி வந்ததற்கு. என்னை ஜெயிப்பதற்காக நீ அதைச் செய்யவில்லை, ஏணியில் ஏறப் போகிறவர்களுக்காகச் செய்தாய். இந்த வித்தியாசம் எனக்கு வியாழக்கிழமைதான் புரிந்தது. செல்வமேரிக்கும் நன்றி. தினமும் குனிந்து பார்த்தவள் அவள்தான். சொல்லாமல் இருந்தது அவள் குற்றமில்லை, அப்படி இருக்கப் பன்னிரண்டு வருஷமாகப் பழக்கியவள் நான்.

உனக்குப் புத்தி சொல்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும் தாய் என்கிற சலுகையில் ஒன்று சொல்கிறேன். நீ வேலை செய்கிற ஆய்வகத்தில் உன்னைவிட அதிகம் படித்தவர்கள் இருப்பார்கள். அவர்களும் ஒரு நாள் தலையைத் தூக்காமல் "பரவாயில்லை, முடிச்சிரு" என்பார்கள். அப்போது என்னிடம் கேட்ட மாதிரியே கேள். கேட்டது பலிக்காவிட்டால் உன் வாளியை வை. அதை நீ ஏற்கெனவே அறிவாய். அறியாதது ஒன்று இருக்கிறது, ஏனென்றால் அது வயதானால்தான் வரும். நீயும் ஒரு நாள் பில் புத்தகத்தின் முன்னால் உட்காருவாய். யாராவது வந்து நிற்பார்கள். அப்போது தலையைத் தூக்கு. வந்தவர் சொல்லி முடிக்கிற வரை முகத்தை ஒன்றும் செய்யாதே. நல்லவளாக இருந்தால் போதும் என்று நான் நினைத்தேன், போதவில்லை. கெட்ட செய்தியைக் கொண்டு வருகிறவருக்கு வழி திறந்திருக்க வேண்டும்.

தபாலில் போடாமல் வைத்திருக்கிறேன். நாளை நடப்பதையும் எழுதிவிட்டு அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை.

காலை ஐந்தரைக்குத் திரேஸ்புரம் கரையில் இருந்தேன். செல்வமேரி வண்டியோடு வந்தாள். மிக்கேல் அண்ணன் குடோனைத் திறந்து ஏணிகளை ஒவ்வொன்றாக வெளியே சாத்தினார். ஏழு ஏணிகளில் படிகளில் பூச்சே இல்லை. கத்தியால் உரித்து எடுத்துவிட்டு, பழைய நைலான் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். நான் சொல்ல வந்தது அவர்களுக்கு ஒரு மாதமாகத் தெரிந்திருக்கிறது.

"ரெண்டாவது வாரமே கழண்டு சுத்துச்சு மேடம்" என்றார் மிக்கேல் அண்ணன். "கயிறு சுத்தினோம், இப்ப நல்லாருக்கு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே."

"எப்படிச் சொல்ல? நீங்க படிச்சவுங்க. இவனுவ வெயில்ல போட்டுக் கெடுத்துட்டானுவன்னு நான்தான் ஏசிக்கிட்டு இருந்தேன்."

பக்கத்தில் நின்ற சூசை என்கிறவர் சிரித்தார். சங்குகுளிக்காரர், நாற்பது வயது இருக்கும். சிரித்தபோது முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருப்பது தெரிந்தது. எப்போது என்று கேட்டேன். படி உருண்ட அன்றைக்கு என்றார், காய்ச்சல் வந்ததைச் சொல்கிற மாதிரி.

நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "யாரும் வெயில்ல போட்டதால இல்ல. கடைசியாக் கழுவின தண்ணி உப்புத் தண்ணி. கழுவச் சொன்னது நான். தப்பு என்னுது." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிறகு பின்னாலிருந்து ஒருவர், "உப்புத் தண்ணிக்குப் போற ஏணிய உப்புத் தண்ணியிலதான மேடம் கழுவணும்?" என்றார். கரையே சிரித்தது. செல்வமேரி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கொக்கிகளில் பூச்சு அப்படியே இருந்தது, அதை யாரும் உரிக்கவில்லை. அவர்கள் முன்னாலேயே ஒவ்வொன்றாகக் கீறினேன். ஒன்பது ஏணியில் ஆறில் கொக்கிக்குள்ளே துரு. இரண்டு கொக்கிகளில் இரும்பு செதிலாக உதிர்ந்தது. மிக்கேல் அண்ணன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஏணிகளை வண்டியில் ஏற்றச் சொன்னார். ஏணி திரும்பி வரும்வரை கயிற்றைப் பிடித்து ஏறிக்கொள்கிறோம் என்றார்கள். கொக்கிகள் புதிதாக அடித்து, நல்ல தண்ணீரில் கழுவி, துண்டுக் கம்பியைப் பத்து நாள் கடல் தண்ணீரில் போட்டுப் பார்த்த பிறகுதான் திருப்பித் தருவேன் என்றேன். சூசையிடம் பல்லுக்கு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். வியாழக்கிழமை வருகிறேன் என்றார்.

வண்டி கிளம்பும்போது அவர் ஓடி வந்து கதவில் கை வைத்தார். "மேடம், சொன்னா ஒண்ணும் நெனைக்க மாட்டியளே?"

"சொல்லுங்க."

"கடைசிப் படிய இன்னும் ஒரு அடி எறக்கி வச்சுத் தாங்க. தண்ணிக்குள்ள இருந்து கால் எட்ட மாட்டேங்கு, முட்டி இடிக்கு. மொத நாள்லேர்ந்தே அப்படித்தான்."

பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். பிறகு இறங்கி, வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்டேன். நாலு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.